உலர்புல் சேகரிப்பும் சக்கர வாரியும்

மாசி மாதம் கழிந்தபின் கால்நடைகளுக்கு உண்டாகும் தீவனக் கஷ்டம் மிராசுதார்கள் யாவரும் அறிந்ததே. மழைக்காலத்தில் மிஞ்சும் பச்சைப் புல்லையும், அறுவடைக்குப்பின் வயலிற் கிடக்கும் வைக்கோலையும் கெடாமல் உலர்த்திச் சேமிப்பவர் கோடையில் தம் மாடுகளை விற்க நேராது. உலர்த்தும் வேலையில் புல்லை வெட்டுவதைக் காட்டிலும், அதைத் தக்க சமயத்தில் வாரி வரிசையாக ஒதுக்குவதே கடினமானது. கூலியாட்கள் அரிதாகிவிட்ட இக்காலத்தில் இவ்வேலைக்கு டிராக்டரில் பூட்டும் சக்கர வாரி பல இடங்களில் வாடகைக்குக் கிடைக்கிறது. அதன் தன்மையை அறியாது கையாளுவோர் புல்லுடன் மண்ணையும் சேர்த்து வாரி, தீவனத்தைக் கெடுத்துவிடுகின்றனர். ஆகையால் அதைத் தெரிந்தெடுக்கும் முறையையும் கையாளும் முறையையும் இங்கு விவரிப்போம்.

கருவியின் அமைப்பு

சாய்வான ஒரு சட்டத்தில் நான்கு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பெரிய சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிலும் வில்லெஃகினாலான விரல்போன்ற கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். டிராக்டர் செல்லுகையில் கம்பிகளின் நுனி புல்லிலும் தாளிலும் படுவதாற் சக்கரங்கள் தாமே சுழலும். அவை சாய்ந்து நிற்பதால், புல் ஒரு சக்கரத்திலிருந்து அடுத்த சக்கரத்துக்குத் தள்ளப்பட்டு, கடைசியில் பக்கவாட்டில் ஒரு வரிசையாக விழும். இயந்திரத்திலிருந்து தண்டின் மூலம் சக்தி கொடுக்கவேண்டியதில்லை. பற்சக்கரங்களும் இல்லை. ஆகவே சிறிய டிராக்டரே இதற்குப் போதுமானது. பழுது பார்த்தலும் எளிது. 1948-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்தில் தொடங்கப்பெற்ற லெலி தொழிற்சாலை முதலில் செய்து விற்றது இவ்வகை வாரியே.

தெரிந்தெடுக்கும் விதம்

இவ்வாரிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எல்லாச் சக்கரங்களும் ஒரே சாய்வில் நின்று புல்லை ஒரு பக்கமாகத் தள்ளுவது. மற்றொன்று, இரண்டு கைகளாக விரிந்து இருபுறத்துப் புல்லையும் நடுவிற் சேர்ப்பது. பின்னது விசாலமான நிலங்களுக்கே ஏற்றது. வரப்புகள் நெருங்கிய நம் வயல்களில் நான்கு அல்லது ஐந்து சக்கரமுள்ள ஒருபக்க வாரியே திரும்புவதற்கு வசதியானது.

இரண்டரை மீட்டர் அகலம் வாரும் கருவி, மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் தடையின்றிச் சென்றால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 5 ஏக்கர் வாரும். திரும்புதலுக்கும் வரப்பு கடத்தலுக்கும் ஆகும் நேரத்தைக் கழித்து, இதிற் பாதியையே கணக்கில் வைத்துக்கொள்ளுதல் விவேகமாகும்.

கருவியை வாங்குமுன் நான்கு விஷயங்களைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் அசைந்து மேடு பள்ளத்துக்கு இணங்குகிறதா? அதன் பாரத்தைத் தாங்கும் சுருள்வில்லை முறுக்கவும் தளர்த்தவும் வழி உண்டா? மாற்றுக் கம்பிகள் அருகிலுள்ள ஊரிற் கிடைக்குமா? ரஸ்தாவிற் செல்லும்போது சட்டத்தை மடக்க இயலுமா? இவற்றில் ஒன்று குறைந்தாலும் விலை மலிவென்று வாங்கலாகாது.

கல் நிறைந்த மேய்ச்சற் காடுகளுக்கு இக்கருவி ஏற்றதன்று. கம்பிகள் கல்லையும் புல்லோடு உருட்டி வரிசையிற் சேர்த்துவிடும். ஈரமும் கனமுமுள்ள தீவனச் சோளம் போன்ற பயிரையும் இது நன்றாய் நகர்த்தாது.

வாருவதற்குரிய பக்குவம்

புல்லை அறுத்தவுடனே வாரினால் வரிசையின் உட்புறம் காற்றுப் புகாமற் புழுங்கும். முற்றும் காய்ந்தபின் வாரினாலோ இலைகள் நொறுங்கி உதிரும். குதிரைமசால் போன்ற பயறினத் தீவனங்களில் புரதச் சத்தின் பெரும்பகுதி இலையிலேயே இருக்கிறது. இலையை வயலில் விட்டுத் தண்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருபவர் தீவனத்தின் சாரத்தை விட்டுச் சக்கையைச் சேமிப்பவராவர்.

பக்குவத்தை அறிய ஒரு தராசு போதும். அறுத்த பச்சைப் புல்லில் ஏறக்குறைய முக்காற் பங்கு நீராகும். அதாவது 10 கிலோ புல்லில் ஏழரைக் கிலோ நீரும் இரண்டரைக் கிலோ உலர்பொருளும் உண்டு. அறுத்த அன்றே 10 கிலோவை நிறுத்து ஒரு பழைய வலையிலோ சாக்கிலோ பரப்பி, வயலில் மற்றப் புல்லுடன் காயவிட வேண்டும். அது 4 கிலோவுக்கு இறங்கும்போது நூற்றுக்குச் சற்றேறக்குறைய 38 பங்கு ஈரம் நிற்கும்; அதுவே வாரும் சமயம். 3 கிலோவுக்கு இறங்கும்போது ஈரம் நூற்றுக்கு 17 பங்காகும். அப்போது கட்டவும் போர் வைக்கவும் தொடங்கலாம். பயிர் மிக இளமையாக இருந்தால் நீர் இன்னும் அதிகமாகையால், எடை இதற்கும் சற்றுக் கீழே இறங்கும்வரை பொறுத்தல் நலம்.

தராசு இல்லாதவர், உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் சிறிது காய்ந்த பொடியுப்பையும் துண்டாக்கிய புல்லையும் இட்டுச் சில நிமிஷங்கள் குலுக்கிப் பார்க்கலாம். உப்பு கட்டியானால் ஈரம் இன்னும் மிஞ்சியிருக்கிறதென்று அறியவேண்டும். ஈரம் மிகுந்த புல்லைப் போரிட்டால் பூசணம் பற்றும்; உட்புறம் சூடேறித் தானே தீப்பிடிப்பதும் உண்டு. போர்கள் வீடுகளை அடுத்திருக்கும் கிராமங்களில் இதைக் கிராம அதிகாரிகளும் கவனித்து எச்சரித்தல் வேண்டும்.

பயறினத் தீவனத்தைக் காலையிற் பனியின் ஈரம் சற்று நிற்கும்போதே வாரவேண்டும். இலை அப்போது நொறுங்காது. புல்லினங்களையும் வைக்கோலையும் பனி உலர்ந்தபின் வாரலாம்.

மண் சேராதிருக்க

கம்பிகள் நிலத்தைக் கீறினால் மண் எழும்பும். உயர நின்றால் புல் தங்கிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே அளவை அமைத்தலே இக்கருவியைக் கையாளும் திறமை. புல்லை அறுக்கும்போதே ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தாள் நிற்க விட்டால், காயும் புல் தாளின்மேற் கிடந்து காற்றோட்டம் பெறும்; கம்பி நுனியும் தாளின்மீதே உராய்ந்து செல்லும். சுருள்வில்லைச் சரிப்படுத்தியபின் ஒரு சக்கரத்தைக் கையாற் பிடித்துத் தூக்கினால் வருத்தமின்றி எழும்பவேண்டும். பத்தடி தூரம் ஓட்டிப் பார்த்து, தரையில் கீறல் கோடுகள் தெரிந்தால் மேலும் இளக்க வேண்டும்.

வேகம் மிகுந்தால் சக்கரங்கள் துள்ளும், இலை உதிரும், வரிசை கயிறுபோல் முறுக்கேறிக் காற்றுப் புகாமல் நிற்கும். மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர் நேரத்தை மிச்சப்படுத்தித் தீவனத்தை இழப்பவரே. மண் கலந்த தீவனத்தை மாடு விரும்பாது. விழுங்கிய மண்ணாற் சத்து ஒன்றும் சேராது; பற்களும் தேயும்.

நெல் வைக்கோலுக்கு

அறுவடை இயந்திரம் வைக்கோலை வரிசையாகவே விட்டுச் செல்வதால், எல்லா வயலிலும் வாரி அவசியமில்லை. வரிசை மழையில் நனைந்தால் புரட்டிக் காயவைக்கவும், மெலிந்த இரு வரிசைகளை ஒன்றாக்கிக் கட்டும் இயந்திரத்துக்குக் கொடுக்கவுமே அது பயன்படும். வரிசையின் அகலம் கட்டும் இயந்திரத்தின் வாய்க்கு ஒத்திருக்க வேண்டும். நடுவே குவிந்து பக்கங்கள் மெலிந்தால் கட்டு கோணலாகும்.

குறுவை வைக்கோல் ஐப்பசி மழையில் அகப்பட்டு அழுகுவது காவிரிப் பாசனப் பிரதேசத்தில் அடிக்கடி நேரும் நஷ்டம். அறுவடைக்குப் பத்து நாள் முன்னரே நீரை வடித்து நிலத்தை இறுகவிட்டால், மழை நின்றவுடன் வாரியை இறக்கிப் புரட்டலாம். சேறான வயலில் இறக்கினால் சக்கரங்கள் சேற்றுருண்டைகளை வைக்கோலுடன் உருட்டிவிடும்.

கம்பி முறிந்தால்

இக்கட்டுரையில் மிகவும் கவனிக்கத்தக்கது இதுவே. கல்லிலோ வரப்பிலோ மோதினால் விரற்கம்பி முறிந்து வரிசையில் விழும். அது கட்டுடன் போய்த் தொட்டியிற் சேரும். மாடு தீவனத்தை நன்கு மெல்லாமல் விழுங்குவதால் இரும்பைப் பிரித்துத் தள்ளாது. விழுங்கிய கம்பித் துண்டு இரண்டாம் இரைப்பையிற் தங்கி, அதன் சுவரைத் துளைத்து, அருகிலுள்ள இருதயம் வரை சென்று உயிரைப் போக்கும். நல்ல கறவைப் பசு காரணம் தெரியாமல் மெலிந்து மடிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆகையால் வேலை தொடங்குமுன் கம்பிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வயலும் முடிந்தவுடன் மீண்டும் எண்ணவேண்டும். ஒன்று குறைந்தாலும், அது அகப்படும்வரை அந்த வயலின் வைக்கோலைக் கட்டலாகாது. வாடகைக்கு எடுப்பவரும் கருவி தம் நிலத்தில் இறங்குமுன் கம்பிகளை எண்ணிப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது.

சொந்தமா, வாடகையா?

ஆண்டில் சில நாட்களே வேலையுள்ள கருவி இது. சில ஏக்கர் மட்டும் உடையவர் சொந்தமாக வாங்குவது முதலை முடக்குவதாகும். பக்கத்து நிலக்காரர்கள் நால்வர் ஐவர் சேர்ந்து வாங்கி முறைவைத்துக்கொள்ளலாம். அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் வைத்துக்கொள்ளலாம். மழை மூட்டத்தின்போது எல்லாருக்கும் ஒரே நாளில் கருவி தேவைப்படுமாகையால், முறையை முன்னரே எழுதி வைத்துக்கொள்வது மனஸ்தாபத்தைத் தவிர்க்கும். எவருடைய புல் முதலில் அறுக்கப்பட்டதோ அவருக்கே முதல் முறை என்பது நியாயமான ஏற்பாடு.

வேலை முடிந்தபின் சுற்றிய தாள்களை அகற்றி, சக்கரத் தாங்கிகளுக்கு மசகிட்டு, வில்லைத் தளர்த்தி, கூரையின்கீழ் நிறுத்தவேண்டும். இவ்வாறு பேணப்படும் வாரி பல ஆண்டுகள் உழைக்கும். கோடையில் தொட்டியிலிடும் தீவனமும் சுத்தமாக இருக்கும்.