ஒரே குழாய், பல உறுப்புகள்

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் முடிந்த அன்று ஒரு மாணவி தயங்கியபடி வந்து கேட்டாள். “டீச்சர், கிரகணத்தன்னிக்கு அம்மா வெளிய வந்ததாலதான் தம்பிக்கு உணவுக்குழல் அடைச்சுப் போச்சுன்னு அப்பாயி சொல்றாங்க. நிஜமா?”

பிறந்த இரண்டாம் நாளே அறுவை சிகிச்சை நடந்து தம்பி இப்போது நலம். வீட்டில் பழி மட்டும் தாய்மேல் நின்றுவிட்டது. அவளுக்கான பதில் பாடநூலில் நேரடியாக இல்லை. அதற்காகத் தயாரித்த ஒரு பாடவேளையை இங்கே பகிர்கிறேன்.

முதலில் குழாய். கருவின் மூன்று அடுக்குகளில் அக அடுக்கு மடிந்து, மனிதக் கருவில் நான்காம் வாரத்தில் நீண்ட குழாயாகிறது. அப்போது அதில் இரைப்பையும் இல்லை, குடலும் இல்லை. கல்லீரலும் கணையமும் பின்னர் அதன் பக்கத்தில் மொட்டுகளாக அரும்புகின்றன. மூச்சுக்குழலும் இதே குழாயிலிருந்துதான் பிரிகிறது என்றால் மாணவர்கள் நம்பமாட்டார்கள். இதை நினைவில் வைக்கச் சொல்லுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லாச் செல்லிலும் ஒரே மரபணுக்கள்தானே, உறுப்புகள் எப்படி வேறாகின்றன? நம் பிள்ளைகளுக்குக் கல்லணையைச் சொன்னால் போதும். வரும் நீர் ஒன்றே. எந்த மதகு திறக்கிறதோ அதைப் பொறுத்துக் காவிரியிலோ வெண்ணாற்றிலோ கல்லணைக் கால்வாயிலோ ஓடும். மரபணு இருப்பது வேறு, திறந்திருப்பது வேறு. ஒப்புமை இதற்குமேல் நீளாது. அணையில் மதகைத் திறக்க ஆள் உண்டு. கருவில் அக்கம்பக்கத்துச் செல்கள் அனுப்பும் வேதிச் செய்திகளே அந்த வேலையைச் செய்கின்றன.

வகுப்பை ஒரே வரிசையில் நிறுத்தி, சாக்ஸ்2, சி.டி.எக்ஸ்.2, பி.டி.எக்ஸ்.1 என்று எழுதிய ஒரே மாதிரிச் சீட்டை எல்லோருக்கும் கொடுத்தேன். முன்னால் நின்றவர்கள் முதல் பெயரை அடிக்கோடிட்டார்கள்: உணவுக்குழல், இரைப்பை. பின்னால் நின்றவர்கள் இரண்டாவதை: குடல். இரைப்பை முடியும் இடத்தில் நின்ற இருவர் மூன்றாவதை: கணையம்.

“ஒரு கோட்டை அழித்துவிட்டால் என்ன ஆகும் டீச்சர்?” என்றான் ஒருவன். சுண்டெலியில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பி.டி.எக்ஸ்.1 நீக்கப்பட்ட எலிக்குட்டிகள் கணையமே இல்லாமல் பிறந்தன. இது 1994இல் வெளியானது. 2009இல் வெளியான ஆய்வில், கருவின் குடல் பகுதியில் சி.டி.எக்ஸ்.2ஐ நீக்கியபோது அங்கே உணவுக்குழலின் உட்படலம் போன்ற திசு வளர்ந்தது. சாக்ஸ்2 குறைந்த எலிகளில் உணவுக்குழலும் மூச்சுக்குழலும் சரிவரப் பிரியவில்லை.

தம்பிக்கு நேர்ந்ததும் இந்த இடத்தில்தான். அந்தப் பிரிவு நான்காம் வாரத்தை ஒட்டியே தொடங்கிவிடுகிறது. தாய்க்கே கரு தங்கியது தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் காலம். சாக்ஸ்2 உட்படச் சில மரபணுக்களின் மாற்றம் காரணமாவதுண்டு. ஆனால் பெரும்பாலான குழந்தைகளில் ஒரே மரபணுவைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. எனவே “மரபணுக் கோளாறு” என்று வகுப்பில் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் அது “அம்மா வழி வந்த கோளாறு” ஆகிவிடும். கிரகணமோ நிழல் விழும் நிகழ்வு. கருப்பைக்குள் எந்த மதகையும் அது மூடுவதில்லை.

அவள் வீட்டுக் கதையை வகுப்பில் எடுக்கவில்லை. மாலையில் தனியாக அழைத்துச் சொன்னேன். அப்பாயிக்கு விளக்க வேண்டுமென்று இன்னும் இரண்டு சீட்டுகள் கேட்டு வாங்கிப் போனாள்.