சினை ஆட்டுக்கு ஊட்டம், குட்டிக்குச் சீம்பால்

வெள்ளாட்டுக் குட்டி நோயை எதிர்க்கும் ஆற்றல் ஏறத்தாழ எதுவும் இல்லாமலே பிறக்கிறது. மனிதரில் தாயின் இரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலுள்ள குழந்தைக்குச் சென்று சேர்கின்றன. ஆட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு அதற்கு இடம் தருவதில்லை. எனவே, தாய் தன் வாழ்நாளில் எந்தெந்த நோய்க் கிருமிகளை எதிர்த்து வென்றதோ அந்த ஆற்றல் அனைத்தும் குட்டி போடுவதற்கு முந்திய சில வாரங்களில் மடியில் வந்து சேர்கிறது. அதுவே சீம்பால். குட்டி அதை வாயால் குடித்துத்தான் பெற வேண்டும். வேறு வழி கிடையாது.

குட்டிகளின் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று சொல்லிப் பலவகை டானிக்குகளும் சொட்டு மருந்துகளும் இன்று கடைகளில் விற்கப்படுகின்றன. வைட்டமின் குறைந்த குட்டிக்கு அவை ஓரளவு உதவலாம். ஆனால் சீம்பால் குடியாத குட்டிக்கு எந்தப் புட்டியும் ஈடாகாது. அந்தப் பணத்தைச் சினை ஆட்டின் தீவனத்திற்குச் செலவிடுவதே கெட்டிக்காரத்தனம்.

கடைசி ஆறு வாரங்கள்

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள்கள். கருவின் வளர்ச்சியில் பெரும் பகுதி கடைசி ஆறு முதல் எட்டு வாரங்களில்தான் நடைபெறுகிறது. தை மாதத்தில் கிடாவுடன் சேர்ந்த ஆடு ஆனியில் குட்டி போடும். அப்படியானால், தீனி மிகுதியாகத் தேவைப்படும் அந்தக் கடைசி வாரங்கள் கத்திரி வெயிலில், புல் காய்ந்து கிடக்கும் காலத்தில் வருகின்றன. மேய்ச்சலை மட்டும் நம்பியிருக்கும் ஆடு இந்த நாள்களில் தன் உடம்பைக் கரைத்துக் குட்டியை வளர்க்கிறது. மடியில் சீம்பால் குறைவதற்கும், குட்டி எடை குறைந்து எழ மாட்டாமல் பிறப்பதற்கும் இது முக்கியக் காரணம்.

இரட்டைக் குட்டி சுமக்கும் கன்னி ஆடு போன்றவற்றுக்கு மற்றொரு இடரும் உண்டு. வயிற்றில் குட்டிகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் இரைப்பை சுருங்கி, தழையை வயிறு நிறையத் தின்ன இயலாது. ஆகவே கொஞ்சத்தில் மிகுந்த சத்துத் தரும் அடர் தீவனம் தேவை. நாளொன்றுக்கு 100 கிராமில் தொடங்கி, பத்து நாள்களில் படிப்படியாக 250 முதல் 300 கிராம் வரை உயர்த்தி, காலையும் மாலையும் பிரித்துக் கொடுக்கலாம். ஒரே நாளில் தானியத்தை அள்ளி வைத்தால் வயிற்றில் அமிலம் மிகுந்து ஆடு படுத்துவிடும். தொடக்கத்திலிருந்தே கொழுக்க வைப்பதும் தவறு. கொழுத்த ஆடு சினையின் இறுதியில் தீனி எடுக்காமல் நோயுறுவது உண்டு.

பத்துக் கிலோ கலவை தயாரிக்க, உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 4 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 2.5 கிலோ, தவிடு 3.2 கிலோ, தாது உப்புக் கலவை 200 கிராம், அயோடின் கலந்த சாப்பாட்டு உப்பு 100 கிராம் போதும். பிண்ணாக்கை உடைத்து முகர்ந்து பார்த்து வாங்குதல் நலம். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கில் உண்டாகும் நச்சு ஈரலைக் கெடுப்பதோடு, தடுப்பூசி போட்டாலும் பலன் குறையும்படி எதிர்ப்பு ஆற்றலையே முடக்கிவிடுகிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவோர் இதைக் கருத வேண்டும்.

வைட்டமின் ‘ஏ’ பசுந்தழையில்தான் உள்ளது. காய்ந்த புல்லில் அது அழிந்துபோகிறது. தாயிடம் அது குறைந்தால் சீம்பாலிலும் குறையும். குட்டிக்குச் சளியும் கழிச்சலும் எளிதில் பற்றும். கோடையில் அகத்தி, வேலிமசால், முருங்கைத் தழை ஆகியவற்றில் கிடைப்பதைத் தினமும் ஒரு கட்டாவது கொடுக்க வேண்டும். சூபாபுல் தழை மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. செலினியம் போன்ற நுண்சத்துகளை மருத்துவர் ஆலோசனையின்றி ஊசியாகப் போடுவது ஆபத்து. தேவைக்கும் நச்சு அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியை, முன்பே போட்டுப் பழகிய ஆட்டுக்குக் குட்டி போடுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு மீண்டும் போட்டால், அதன் பலன் சீம்பால் வழியே குட்டிக்கும் கிட்டும். ஈற்றை ஒட்டிக் குடற்புழுக்களின் பெருக்கம் மிகுவதால், சினைக்கு ஏற்ற புழு நீக்க மருந்தை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருக்கலாமா?

இவ்வளவு செய்தும் முதல் நாளிலேயே பலனைக் கோட்டைவிடுவோர் உண்டு. நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் குட்டியை ஊட்டவிட வேண்டும் என்ற எண்ணம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. முதல் பால் கெட்டியாய் மஞ்சளாய் இருப்பதால் கழிச்சல் வரும் என்று அஞ்சிப் பீய்ச்சிக் கொட்டுவோரும் இருக்கின்றனர். இரண்டும் குட்டியைக் கொல்லும் பழக்கங்கள். நஞ்சுக்கொடி விழச் சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் குட்டியின் குடல், எதிர்ப்புப் பொருளைச் சிதைக்காமல் அப்படியே இரத்தத்தில் ஏற்கும் திறனை மணிக்கு மணி இழந்துகொண்டே வருகிறது. ஒரு நாளில் அந்தக் கதவு மூடிவிடும். மேலும், குட்டி முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் சுரக்கும் இயக்குநீர் கருப்பையைச் சுருங்கச் செய்து, நஞ்சுக்கொடி விழவே துணைபுரிகிறது.

ஆகவே தொப்புளில் டிங்சர் அயோடின் தடவி, மடியைக் கழுவித் துடைத்து, காம்பின் அடைப்பு நீங்க இரண்டு பீய்ச்சுப் பீய்ச்சிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் ஊட்டவிட வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் தேவை. இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு 200 மில்லி. இதை நான்கைந்து தடவையாகக் கொடுக்கலாம். இரட்டையில் வலுத்தது இரண்டு காம்பையும் காலி செய்துவிடும். நோஞ்சானை முதலில் பிடித்து ஊட்டவிடுவதே முறை.

எழ மாட்டாத குட்டியின் வாயில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். வாய் சில்லென்றிருந்தால், துடைத்துச் சாக்கில் சுற்றிச் சூடேற்றிய பிறகே பால் கொடுக்க வேண்டும். மூங்கில் குழாயால் ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ரப்பர் காம்பு பொருத்திய புட்டியே ஏற்றது. தாய் இறந்தாலோ பால் இல்லாவிட்டாலோ, அன்றே ஈன்ற நோயற்ற வேறு ஆட்டின் சீம்பால் உதவும். அதுவும் இல்லாதபோது பசுவின் சீம்பால் ஓரளவு கைகொடுக்கும். மிகுதியாய்ச் சுரக்கும் ஆட்டின் சீம்பாலைச் சிறு புட்டிகளில் நிரப்பிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் சேமித்து வைக்கலாம். தேவைப்படும்போது வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்து உருக்க வேண்டும். அடுப்பில் ஏற்றினால் திரிந்து, எதிர்ப்புப் பொருளும் கெட்டுவிடும்.

தாயிடம் பெற்ற இந்த ஆற்றல் சில வாரங்களில் தேயத் தொடங்கும். இரண்டாம் வாரம் முதல் குட்டியின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இளந்தழையைக் கட்டித் தொங்கவிட்டால் கொறித்துப் பழகும். குட்டிக்கான தடுப்பூசிகளை மூன்றாம் மாதத்தில் தொடங்கலாம். தாய்க்குத் தடுப்பூசி போடாதிருந்தால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அந்தக் குட்டிகளுக்கு நாள் கணக்கு வேறு.