குறைந்த வாட், நிறைந்த ஒலி
பத்தாம் வகுப்பு மாணவி

'ரேடியோ நெல்' என்று ஒரு நெல் இருந்தது தெரியுமா, தோழியரே? அதன் உண்மைப் பெயர் ஆடுதுறை 27. 1960களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டு நம் தஞ்சை உழவர்கள் அதைக் குறுவையில் பயிரிட்டதால் அந்தச் செல்லப் பெயர் வந்தது. திண்ணையில் ஒரு டிரான்சிஸ்டர் பேசினால் சுற்றி உட்கார்ந்த அத்தனை பேருக்கும் கேட்கும். அந்தச் சின்னஞ்சிறு பெட்டி தந்த மின்திறனோ பெரும்பாலும் அரை வாட்டுக்கும் குறைவு. இன்று நாம் கடையில் போய் "நூறு வாட் ஸ்பீக்கர் கொடுங்கள்" என்கிறோம். அரை வாட் போதுமாயிருந்த இடத்தில் நூறு வாட் எதற்கு?

எனக்கு இது வெறும் பாடக் கேள்வி அன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நான் சிறுமி. பட்டுக்கோட்டைப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. கைப்பேசிகளும் அணைந்துவிட்டன. வெளியுலகச் செய்தியை எல்லாம் ஒரு சிறு ரேடியோவே சொன்னது. காது மந்தமான அப்பாயிக்கு மட்டும் அது கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் அம்மா அவர்கள் காதருகே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் இரண்டு பெட்டிகளை, புத்தக அலமாரியில் வைக்கும் அளவில், அப்பாயிக்காகச் செய்யலாம் என்று சென்ற கோடை விடுமுறையில் சித்தப்பாவும் நானும் தொடங்கினோம்.

பேட்டரி எவ்வளவு தரும் என்பதை நாம் படித்த ஓம் விதியே சொல்லிவிடும். 12 வோல்ட்டில் ஓடும் சாதாரண ஆம்ப்ளிஃபயரின் வெளியீடு நடுநிலையிலிருந்து மேலும் கீழும் 6 வோல்ட்டுக்கு மேல் போகாது. அந்த உச்ச அளவைப் பயனுறு அளவாக மாற்றினால் சுமார் 4.24 வோல்ட். அதன் வர்க்கத்தை 4 ஓமால் வகுத்தால் 4.5 வாட். 8 ஓம் ஸ்பீக்கரானால் அதிலும் பாதி. இதுவும் இழப்பே இல்லாத கணக்கு. உண்மையில் இன்னும் குறையும். ஆக, நம் கையில் இருப்பது மூன்று நான்கு வாட்தான். அதை வீணாக்காத ஸ்பீக்கரைத் தேட வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். ஸ்பீக்கரின் முதுகில் அச்சிட்டிருக்கும் வாட், அது எவ்வளவு சத்தம் போடும் என்பதைக் குறிப்பதன்று. எரிந்து போகாமல் எவ்வளவு தாங்கும் என்பதையே குறிக்கிறது. சத்தத்தைச் சொல்வது 'உணர்திறன்' என்னும் வேறோர் எண்: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. 3 டெசிபல் கூட்ட வேண்டுமானால் இரு மடங்கு வாட் வேண்டும். 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு வேண்டும். 84 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றும் 90 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றும் அருகருகே இருந்தால், இரண்டாவது 4 வாட்டில் எழுப்பும் ஒலிக்கு முதலாவதற்கு 16 வாட் வேண்டும். நம் பேட்டரி அதற்கு எங்கே போகும்? ஸ்பீக்கரை மாற்றுவது ஆம்ப்ளிஃபயரை நான்கு மடங்கு பெரிதாக்குவதற்குச் சமம்.

விளம்பரத் தாளில் '2.83 வோல்ட்டில்' என்று போட்டிருந்தால் கவனம் தேவை. 8 ஓமில் அது 1 வாட். 4 ஓமில் 2 வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கரின் எண்ணில் 3 டெசிபலைக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும்.

வியப்பான செய்தி, 92 டெசிபல் தரும் நல்ல ஸ்பீக்கர்கூடத் தனக்குக் கிடைத்த மின்திறனில் நூற்றில் ஒரு பங்கையே ஒலியாக்குகிறது. மற்றதெல்லாம் வெப்பம்! காற்று மிக லேசானது. கூம்பும் அதனுடன் ஒட்டிய கம்பிச்சுருளும் அதைவிடக் கனமானவை. தள்ளும் விசையின் பெரும்பகுதி கூம்பை அசைப்பதிலேயே போய்விடுகிறது. மற்றவை மாறாமல் அசையும் எடை மட்டும் பாதியானால் பயன்திறன் நான்கு மடங்காகும். ஆகவே லேசான காகிதக் கூம்பு, வலிய காந்தம், அகன்ற பரப்பு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். தடித்த ரப்பர் விளிம்பும் கனத்த கூம்பும் பார்வைக்குக் கம்பீரம்; ஆனால் அவை பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு உரியவை.

இன்றைய ஸ்பீக்கரின் அமைப்பை 1925இல் விளக்கியவர்கள் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள். (நெற்களஞ்சியத்துப் பெண்ணான எனக்கு 'ரைஸ்' என்ற பெயர் மறக்கவே மறக்காது.) 1954இல் எட்கர் வில்சுர் மூடிய சிறு பெட்டியிலேயே ஆழ்ந்த ஒலியை வரவழைத்தார். அதற்கு விலையாகப் பயன்திறன் குறைந்தது. சிறிய பெட்டி, ஆழ்ந்த தாழ்சுருதி, மிகுந்த பயன்திறன் ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைக்கா. ஏதேனும் ஒன்றை விட்டுவிட வேண்டும் என்பது ஆண்டன் ஹாஃப்மன் கூறிய விதி. நாங்கள் ஆழ்ந்த ஒலியை விட்டோம். தவிலின் தொப்பி சற்று மெலிந்துதான் கேட்கும். ஆனால் செய்தி வாசிப்பவரின் குரலுக்கு அந்த ஆழம் தேவையில்லை. தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்சுக்குள்ளேயே எல்லாவற்றையும் பேசிவிடுகிறதே!

காற்றோடு நன்றாகப் பொருந்தும் கலையை நம் ஊர் முன்பே அறிந்திருந்தது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாகசுரத்தின் அடியில் அணசு விரிந்திருப்பது அழகுக்கு மட்டுமன்று. திருவிழாவில் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரும் அதே போல விரிந்து, சிறு யூனிட்டின் ஒலியை ஊருக்கே கொண்டு செல்கிறது. அலமாரிக்குள் குழாயை வைக்க முடியாது என்பதுதான் குறை. வைத்தாலும் அப்பாயி வீட்டைவிட்டு ஓடிவிடுவார்கள்.

தஞ்சையில் பழைய ரேடியோ, தொலைக்காட்சி பழுது பார்க்கும் கடைகளில் நீள்வட்டக் காகித ஸ்பீக்கர்கள் மலிவாகக் கிடைக்கும். எங்களுக்கும் அப்படியே ஒரு ஜோடி வாய்த்தது. வாங்குமுன் கூம்பை இரு விரலால் மெதுவாக, நேராக அழுத்துங்கள். கரகரவென்று உரசினால் சுருள் கோணிவிட்டது என்று பொருள், வேண்டாம். ஒரே ஓம் உள்ள இரண்டை ஒப்பிட, ஆம்ப்ளிஃபயரின் திருகைத் தொடாமல் மாற்றி மாற்றி இணைத்து ஒரே குரலைக் கேளுங்கள். கைப்பேசியின் டெசிபல் செயலியை ஒரு மீட்டரில் வைத்தால் காது சொன்னதை எண்ணும் சொல்லும்.

பெட்டிக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் எடுத்தோம். மூலைகளில் காற்று கசியாமல் பசையிட்டு, உள்ளே இலவம் பஞ்சைத் தளர்வாக நிரப்பினோம். சுவரை ஒட்டி வைத்தால் குறைந்துபோன தாழ்ந்த ஒலி ஓரளவு திரும்பி வருகிறது, செலவில்லாமல்! அப்பாயி இப்போது கூடத்தின் மறுகோடியில் முறம் பிடித்தபடியே மாநிலச் செய்தி கேட்கிறார்கள். மழை எச்சரிக்கையை அவர்கள்தான் எங்களுக்குச் சொல்கிறார்கள்.

காகிதக் கூம்புக்கு இரண்டு பகைகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது நமுத்துப் போகும். வெயில் கண்ட நாளில் சன்னல் ஓரம் வைத்து உலர்த்த வேண்டும். தை அறுவடை முடிந்து நெல் மூட்டை வீட்டுக்குள் வந்தால் பின்னாலேயே எலியும் வரும். அதற்காக முகப்பில் துணிக்கு மேல் மெல்லிய கம்பி வலை அடித்திருக்கிறோம்.