மாரிகாலக் காய்ச்சலும் குடும்பத்தவர் கடமையும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது முன்னோர் வாக்கு. வடபகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு அச்செல்வத்திற்குச் சோதனைக் காலம் ஆரம்பமாகின்றது. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 1,86,000 இற்கும் அதிகமானோர் டெங்கு நோயினால் பீடிக்கப்பட்டதாகப் பதிவாகியது. 400 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நுளம்பு வளரும் இடங்கள்

மலேரியா நுளம்பு இரவில் கடிப்பது. டெங்கு நுளம்போ பகலில், சிறப்பாகக் காலையிலும் மாலை மங்கும் முன்னரும் கடிக்கும். ஆகவே பகலில் உறங்கும் குழந்தைக்கும் நுளம்பு வலை அவசியமாகும். இந்நுளம்பு தேங்கி நிற்கும் தெளிந்த நீரிலேயே முட்டையிடும். சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய ரயர், கூரைப்பீலி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு என்பன அதற்குப் போதுமானவை. ஆலயத்தில் தேங்காய் உடைக்கும் இடத்திலும், அன்னதானத்தின் பின் வீசப்படும் பிளாஸ்ரிக் குவளைகளிலும் இதே ஆபத்து உண்டு.

முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை செல்லும். எனவே வாரத்தில் ஒரு நாள், உதாரணமாக வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது, வளவையும் சுற்றிப் பார்த்தல் நன்று. காய்ந்த பாத்திரத்திலும் முட்டை பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆதலால் நீரை ஊற்றிவிட்டாற் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

காய்ச்சல் கண்டால்

ஓய்வும் நீராகாரமும் முதல் மருந்து. வெறும் தண்ணீரை மட்டும் கொடாது கஞ்சி, இளநீர், ஜீவனி, பழச்சாறு என்பவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். சீனி வருத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் எதை, எவ்வளவு குடிக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். சிவப்பு, கபில நிறப் பானங்கள் ஆகாது. வாந்தியில் இரத்தம் கலந்துள்ளதா என்பதை அவை மறைத்துவிடும்.

பரசிற்றமோலை மட்டும் உரிய அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். குழந்தைக்குரிய அளவு நிறையைப் பொறுத்தது. உடல் நோவுக்கென இபுபுறோபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் என்பவற்றைக் கடையில் வாங்கிக் கொடுப்பது இரத்தப்போக்கை ஏற்படுத்தலாம். ஏற்கெனவே இருதய நோய்க்கு அஸ்பிரின் எடுப்பவர் அதனை வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் தொடர்ந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நாட்பட்ட நோயாளர் ஆகியோரை முதல் நாளிலேயே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் வரும் ஆபத்து

குடும்பத்தவர் ஏமாறும் இடம் இதுவே. காய்ச்சல் குறைந்ததும் “சுகம் வந்துவிட்டது” என்று பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிடுவர். ஆனால் டெங்கில், காய்ச்சல் தணியும் வேளையிலேயே இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கலாம். அடுத்துவரும் 24 முதல் 48 மணித்தியாலங்களே உயிருக்குப் போராட்டமான நேரம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சோர்வு, அந்தரம், சிறுநீர் குறைதல், இரத்தக்கசிவு என்பவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடன் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். பப்பாசி இலைச்சாற்றை நம்பி இந்நேரத்தை வீணாக்குதல் கூடாது.

வயலில் இறங்குவோருக்கு

எல்லாக் காய்ச்சலும் டெங்கு அல்ல. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சலால் உயிரிழப்புகள் ஏற்பட்டன. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீர், வெள்ளநீர் மூலம் கிருமி காயங்களின் வழியே உடலுட் புகும். கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல் என்பன அதன் குறிகள். வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் மறவாது கூற வேண்டும். தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே விசாரித்தல் நன்று.

1934–35 இல் மலேரியா இத்தீவில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் காவுகொண்டது. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. அரசின் முயற்சியோடு மக்களின் ஒத்துழைப்பும் சேர்ந்ததன் பயன் அது. டெங்கையும் அவ்வாறே கட்டுப்படுத்தலாம். ஆலய வீதியைக் கூட்டும் அடியவர் தம் வீட்டுக் கோடியையும் கூட்டினால் அதுவும் ஒரு திருத்தொண்டே.