வேகம் குன்றியதா, வேகமானி பொய்த்ததா?

ஐப்பசி மாதத்துப் பிற்பகல்களிலே கெலிஓயாவில் வாழ்வோர், ஹந்தானை மலைப்பக்கம் கருமுகில் திரண்டெழுவதைப் பலகாலும் கண்டிருப்பர். இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அக்காலத்தில், காலை வெயிலிற் சூடேறிய ஈரவளி மலைச்சரிவு வழியே மேலெழுந்து, மாலைக்குள் இடிமுகிலாகிவிடுகின்றது. வெப்பவலய நாடுகளில் இத்தகைய முகிலின் உச்சி சில வேளைகளில் 50,000 அடியையும் எட்டும். பிரயாணிகளை ஏற்றிச்செல்லும் ஜெற் விமானங்களோ 35,000 அடியளவிற் பறப்பன. ஆதலால், விமானம் எப்போதும் முகிலுக்கு மேலே சென்றுவிடும் என்று எண்ணுதல் பிழையாம்.

கட்டாரிலே தொழில் புரியும் தந்தை விடுமுறையில் வரவிருந்த வாரத்தில், நம் வகுப்பு மாணவி ஒருத்தி, “மேகத்துள் அகப்பட்டால் விமானத்தின் வேகம் குறைந்துவிடுமா, சேர்?” என வினவினாள். இலக்கணவகுப்பிலே எழுந்த அவ்வினாவுக்கு அன்று நம்மால் விடை கூற முடியவில்லை. பின்னர் தேடிப் படித்தபோது, அதற்கு ஒரு விடையன்று, இரு விடைகள் உண்டென அறிந்தோம். மேகத்தினாலே வேகம் மெய்யாகவே குறைதலும் உண்டு. வேகம் குறையாதிருக்க, அதனைக் காட்டும் கருவி மாத்திரம் பொய்த்தலும் உண்டு. (விஞ்ஞான நூல்கள் கதி வேறு, வேகம் வேறு என்னும். நாம் உலகவழக்குப்பற்றி வேகம் என்றே எழுதுகின்றோம். விஞ்ஞான ஆசிரியர் பொறுத்தருள்க.)

கருவியை முதலில் நோக்குவோம். 1732ஆம் ஆண்டிலே ஹென்றி பிற்றோ என்னும் பிரெஞ்சுக்காரர், பாரிஸ் நகரூடு பாயும் செயின் நதியின் ஓட்டத்தை அளப்பதற்கு வளைந்த குழாயொன்றைப் பயன்படுத்தினார். நமது மகாவலியிலும் அதனைச் செய்து பார்க்கலாம். கீழ்முனை வளைந்த கண்ணாடிக் குழாயொன்றை, அதன் வாய் நீரோட்டத்தை எதிர்நோக்க ஆற்றில் அமிழ்த்தினால், உள்ளே நீர் மேலெழும். செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் ஓடும் நீர் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் எழும். ஓட்டம் இருமடங்காயின் எழுச்சி நான்மடங்காகும். விமானத்தின் முன்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய்கள் இவ்வாறே எதிர்வளியின் அமுக்கத்தை வாங்குகின்றன. அவ்வமுக்கத்திலிருந்து வேகம் கணிக்கப்படுகின்றது. பனிக்கட்டி அடையாதிருக்கும்பொருட்டுக் குழாய்களை மின்னாற் சூடேற்றுவர். எனினும், உயர்ந்த இடிமுகில்களின் அருகே நுண்ணிய பனிப்பளிங்குகள் பெருந்தொகையாக மிதக்குமிடத்து அச்சூடு போதாமற்போதல் உண்டு. மழைத்துளியை நன்கு காட்டும் ராடர் இப்பளிங்குகளைச் செவ்வையாகக் காட்டுவதில்லை, இதுவே இடர்.

2009ஆம் ஆண்டு யூன் 1ஆம் நாள், றியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் நோக்கிச் சென்ற எயார் பிரான்ஸ் 447 விமானத்துக்கு அத்திலாந்திக் சமுத்திரத்தின் மீது நேர்ந்தது இது. மணிக்கு 275 கடல் மைல் எனக் காட்டிய வேகமானி சில செக்கன்களில் 60 எனக் காட்டியது. தானியங்கி தன்னைத் துண்டித்துக்கொண்டது. விமானம் அப்பொழுது பழுதின்றிப் பறந்துகொண்டே இருந்தது; அடைபட்ட குழாய்களும் ஒரு நிமிடத்துக்குள் தெளிந்தன. ஆயின், இளைய விமானி அதற்குள் மூக்கை மேலே இழுத்துவிட்டார். விமானம் 38,000 அடிவரை ஏறி, மெய்யான வேகத்தை அங்கே இழந்தது. சிறகைத் தழுவி ஓடும் வளி பிரிந்து, தாங்கும் விசை அறுந்தது. விமானிகள் இந்நிலையை ஸ்டோல் என்பர். எச்சரிக்கை ஒலி 54 செக்கன் இடைவிடாது கேட்டும் மூக்குத் தாழ்த்தப்படவில்லை. தானியங்கி விலகி 4 நிமிடம் 23 செக்கன்களில் விமானம் கடலில் மோத, 228 பேரும் மாண்டனர். கடலடியிற் கிடந்த பதிவுக்கருவிகள் 2011இல் எடுக்கப்பட்ட பின்னரே இவை தெரியவந்தன. பொய்யான இழப்புக்கு அஞ்சிச் செய்த செயல் மெய்யான இழப்பை விளைத்தமை நம் நெஞ்சை வருத்துகின்றது.

மெய்யான இழப்பு வேறு வகையினது. இடிமுகிலிலோ மலைத்தொடரின் மறுபுறத்து வளியலையிலோ கீழ்நோக்கிய காற்று விமானத்தை அமுக்கும். தானியங்கியோ உயரத்தைக் காப்பதற்காக மூக்கைச் சிறிது சிறிதாக உயர்த்தும்; எஞ்சின் ஈடுகொடாதாயின் வேகம் ஓசையின்றித் தேயும். அப்பொழுது விமானி எஞ்சின் வலுவைக் கூட்டுதல் வேண்டும். அதுவும் போதாவிடின், உயரத்தை விட்டுக்கொடுத்து மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்டல் வேண்டும். வேகமானி பொய்த்தவிடத்துச் செய்யவேண்டியதோ இதுவன்று: தானியங்கியை விலக்கி, மூக்கை அடிவானத்துக்கு மேல் இரண்டு மூன்று பாகையில் நிறுத்தி, வழமையான எஞ்சின் வலுவை வைத்து, அட்டவணையோடு ஒப்பிட்டு, கருவி தெளியும்வரை கைநடுங்காது பறத்தல். செய்மதி வழியாக வரும் நிலவேகமும் உயரமும் எது மெய்யென உணர்வதற்குத் துணைசெய்யும்.

இரண்டும் ஒருங்கே வந்தால்? 2025ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், டில்லியிலிருந்து ஸ்ரீநகர் சென்ற இன்டிகோ விமானம், 220க்கு மேற்பட்டோருடன், பதான்கோட் அருகே 36,000 அடியில் ஆலங்கட்டி மழைமுகிலை எதிர்கொண்டது. எல்லைப்புறமாக இடப்பக்கம் விலக விமானிகள் கேட்டனர். இந்திய விமானப்படையின் கட்டுப்பாட்டு நிலையம் இசையவில்லை. லாகூரைக் கேட்டனர், அங்கும் மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரல் முதல் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டிருந்தது. திரும்ப முயன்றும் முகில் மிக அண்மித்துவிட்டமையால், அதனைக் குறுகிய வழியில் ஊடுருவிச் செல்லத் துணிந்தனர். உள்ளே காற்று மேலும் கீழும் எற்ற, தானியங்கி விலகியது; கருவிகள் பிழைத்தன; வேகம் மிகுந்தது என்னும் எச்சரிக்கையும், ஸ்டோல் எச்சரிக்கையும் மாறிமாறி ஒலித்தன. ஒருகணம் விமானம் நிமிடத்துக்கு 8,500 அடி வீதத்தில் இறங்கியது. வழமையான இறக்கம் 1,500 முதல் 3,000 அடி வரையினதே. ஒன்றையொன்று மறுக்கும் அவ்வொலிகளுள் எதனை நம்புவது? முகிலைக் கடக்கும்வரை விமானிகள் கையாலேயே விமானத்தைச் செலுத்தினர். பின்பு ஸ்ரீநகருக்கு இடருணர்த்தி, பத்திரமாக இறக்கினர். மூக்குக்கூடு சிதைந்திருந்தது, ஒருவருக்கேனும் காயமில்லை.

எனினும் இடிமுகிலை 20 கடல் மைல் விலகிச் செல்லுதலே விமானிகளுக்கு விதித்த முதற்பாடம். மாணவியின் தந்தை வந்து சேர்ந்தபின், வழியில் இருமுறை இருக்கைவார் விளக்கு எரிந்ததாம் என அவள் வந்து கூறினாள். அவ்வேளையில் விமானிகள் ராடர்த் திரையைப் பார்த்து, முகிலைச் சுற்றி வழி தேடிக்கொண்டிருந்திருப்பர் என்றோம்.