பொறியின் ஓசையும் வலிமையும்

மருத்துவர் நாடியைப் பார்த்து, மூச்சின் ஒலியைக் கேட்டு, வினவ வேண்டுவனவற்றை வினவிய பின்னரே மருந்து தருவார். பழைய மோட்டார் சைக்கிளைப் பழுது பார்ப்போர்க்கும் இம்முறையே ஏற்றது.

தமிழ்நாட்டில் உருவான மோட்டார் சைக்கிள்களுள் பெயர் பெற்றது புல்லட். 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனம் தோன்றியது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைக் கொண்டு வண்டிகள் இணைக்கப்பட்டன. நாளடைவில் உறுப்புகளும் இந்நாட்டிலேயே செய்யப்பட்டன. பழைய புல்லட்டின் வார்ப்பிரும்புப் பொறியில் சிலிண்டர் ஒன்றே. அதன் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். அவ்வகைப் பொறி இப்போது செய்யப்படுவதில்லை. எனினும் அதனைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர்.

காரைக்காலைச் சார்ந்த வரிச்சிக்குடி, கடலோரச் சமவெளியில் அமைந்த ஊர். அங்கு மலைச்சாலை இல்லை. ஆகவே பொறியின் வலிமை குன்றினும் அக்குறை விரைவில் புலப்படாது. பாலத்தின் ஏற்றத்திலோ கடற்காற்றை எதிர்த்துச் செல்லும்போதோதான் வண்டி தளர்வது தெரியும். அவ்வேளையில் ‘டிக் டிக்’ என்னும் ஓசையும் கேட்குமாயின், ஓசையை அடக்கினால் வலிமை மீளும் என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் எப்போதும் சரியன்று.

பொறியின் மேற்பகுதியில் எழும் மெல்லிய ஓசை பெரும்பாலும் டாப்பெட்டின் ஓசையாகும். பொறி இருமுறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் ஒருமுறையே திறக்கும். ஆதலின் அவ்வோசை பொறியின் வேகத்தில் பாதியளவே விரைந்து கேட்கும். பொறி குளிர்ந்திருக்கும்போது கேட்டுச் சூடேறியபின் குறையும் தட்டொலி பிஸ்டனுடையது. ஏற்றத்தில் மட்டும் எழும் கலகலப்பு, தீப்பொறி உரிய காலத்துக்கு முன் எழுவதாலோ உள்ளே கரி படிந்திருப்பதாலோ உண்டாகலாம். அடிப்பகுதியிலிருந்து கனத்த இடியொலி வருமாயின், கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கக் கூடும். அந்நிலையில் வண்டியை உடனே நிறுத்திவிடவேண்டும். மேலும் ஓட்டினால் பொறியே சிதைந்துவிடும்.

டாப்பெட்டின் ஓசையைப் பொறாதவர் அதனை மிகுதியாக இறுக்கிவிடுவதுண்டு. ஓசை உடனே அடங்கும். ஆனால் வால்வு தன் இருக்கையில் நன்கு பொருந்தாது. அழுத்தப்பட்ட வாயு இடுக்கின் வழியே கசியும், வலிமை குன்றும், நாளடைவில் வால்வு கருகும். குளிர்ந்த பொறியில், வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும் நிலையில், உந்துகோல் விரலால் எளிதில் சுழலவேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடலாகாது. இதுவே அளவு.

வலிமை குன்றியதன் காரணத்தை எளியதிலிருந்து அரியதை நோக்கித் தேடவேண்டும். முதலில் வண்டியை நிலையில் நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றவேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் குறை பொறியினுடையதன்று. பொறி விரைந்தும் வண்டி விரையாவிடின் கிளட்ச் வழுக்குகிறது. பின்னர்க் காற்று வடிகட்டியையும் ஸ்பார்க் பிளக்கையும் காணவேண்டும். பிளக்கின் முனை பழுப்பாயிருத்தல் நன்று. கரிய புகை படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்வரை இருத்தல்வேண்டும். பாயிண்ட்டின் அடி தேயத் தேய இடைவெளி சுருங்கும். தீப்பொறி காலந்தாழ்ந்து எழும். உப்புக்காற்று வீசும் ஊர்களில் மின் இணைப்புகளில் களிம்பு படிகின்றதா என்பதையும் நோக்கவேண்டும்.

இவற்றில் குறை இல்லையெனில், மின்சாரத்தை நிறுத்திக் கிக்கரை மெல்ல மிதிக்கவேண்டும். அது எதிர்ப்பின்றி இறங்கினால் அழுத்தம் கசிகிறது. பிளக்கின் துளைவழியே சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் மிதித்தால் எதிர்ப்பு மிகுகின்றதா? மிகுந்தால் பிஸ்டன் வளையங்களோ சிலிண்டரோ தேய்ந்துள்ளன. மிகாவிடின் வால்வைச் சோதிக்கவேண்டும். இதன் பின்னரே பொறியைத் திறத்தல் தகும்.

ஓசை எழுப்பும் பொறி நலமாக இருக்கலாம். ஓசை அடங்கிய பொறி உள்ளே கருகிக்கொண்டிருக்கலாம். செவி ஐயத்தை எழுப்பும். சோதனையே அதனைத் தீர்க்கும். இதனை உணர்ந்தவர் பொருளையும் காப்பர், பொறியையும் காப்பர்.