மரத்தின் மதிப்பும் தச்சரின் கைத்திறனும்

ஏரும் வண்டியும் அருகிவிட்ட இந்நாளில் ஊர்த் தச்சருக்கு வேலையும் அருகிவிட்டது. அக்கைத்திறனை நாற்காலி, மேசை முதலிய மரச்சாமான்களின்பால் திருப்பினால் தொழில் நிலைபெறும். இதற்கு ஜார்ஜ் நகாஷிமாவின் வரலாறு தக்க சான்றாகும்.

ஜப்பானியப் பெற்றோருக்கு 1905-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்த இவர், கட்டிடக் கலையில் உயர்பட்டம் பெற்றவர். டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்பாரிடம் பணியாற்றினார். அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதியைக் கட்டும் பொருட்டு 1937-இல் புதுச்சேரிக்கு வந்தார். அவ்விடுதிக்கு வேண்டிய மரச்சாமான்களையும் வடிவமைத்தார். 'சுந்தரானந்தர்' என்னும் பெயரும் ஆங்குப் பெற்றார்.

அமெரிக்கா திரும்பிய இவர், போர்க்காலத்தில் ஜப்பானிய மரபினர் என்ற காரணத்தால் 1942-இல் குடும்பத்துடன் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே ஹிகோகாவா என்னும் தச்சரிடம் கைக்கருவிகளைக் கையாளவும் பொருத்துகள் அமைக்கவும் பயின்றார். பட்டதாரி ஒருவர் தச்சரின் மாணவராக அமர்ந்தமை நாம் கருதத்தக்கது. 1943-இல் விடுதலை பெற்றுப் பென்சில்வேனியா மாநிலத்தில் பட்டறை நிறுவினார். 1964-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திற்காகவும் மரச்சாமான்களை வடிவமைத்தார். 1990-இல் மறைந்தார்.

பிறர் கழித்துவிடும் வெடிப்புள்ள பலகையை இவர் கழிப்பதில்லை. இரு முனையும் அகன்று நடுவில் ஒடுங்கிய சிறு கட்டையை வெடிப்பின் குறுக்கே பதித்து, அது மேலும் விரியாமல் தடுத்தார். மரத்தின் இயற்கையான ஓரத்தையும் பல மேசைகளில் அப்படியே விட்டுவைத்தார். இன்று அவை பெருவிலை பெறுகின்றன.

வ. புதுப்பட்டி போன்ற மலையடிவார ஊர்களில் காற்றில் சாய்ந்த வேம்பும் வாகையும் பூவரசும் விறகு விலைக்குப் போவது வருந்தத்தக்கது. விவசாயிகள் அவற்றைப் பலகையாக அறுத்து, நிழலில், தரையில் படாமல், காற்றோட்டத்திற்காக இடையிடையே சிறு சட்டங்களை வைத்து அடுக்குதல் வேண்டும். முனைகளின் வழியே ஈரம் விரைந்து வெளியேறுவதால்தான் வெடிப்பு உண்டாகிறது. ஆகவே அங்கே வண்ணமோ மெழுகோ பூசுக. ஓர் அங்குலக் கனத்திற்கு ஏறக்குறைய ஓராண்டு உலர்த்துவது பொதுவான கணக்கு. பச்சை மரத்தில் செய்த சாமான் நாளடைவில் சுருங்கும், பொருத்துகள் தளரும், பழியோ தச்சர்மேல் விழும்.

பள்ளிக்கும் படிப்பகத்திற்கும் பெஞ்சும் மேசையும் வாங்குங்கால், விதிகளுக்கு உட்பட்டு உள்ளூர்த் தச்சரிடமும் விலை கேட்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களை வேண்டுகிறோம். மரம் உலரப் போதிய தவணையும் தருக. தொழிலுக்கு ஆதரவு இருந்தால்தான் தச்சரின் மகனும் உளியைக் கையில் எடுப்பான்.